இஸ்திரி மேசையில் ஒரு ஸ்டியரிங்

பிரியமுள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையை ஓரமாக வைத்துவிடாமல் இதுவரை வந்திருந்தால், இன்னும் கொஞ்சம் படி. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கெட்ட செய்தி எதுவும் இல்லை. இரண்டு வருடமாக உன்னிடம் பேசாத ஆள் எழுதுகிறேனே, பயந்துவிடப் போகிறாய் என்று முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தையல் கடை இன்னும் நம் வீட்டு முன்னறையில்தான் நடக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் கடையிலிருந்து பெரிய பூவேலை வளையம் காணாமல் போனது. எங்காவது துணிக்கு அடியில் கிடக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அகல எலாஸ்டிக். நான் அளந்து சுற்றி வைத்தது ஆறு மீட்டர், எடுத்துப் பார்த்தால் நாலரைதான் இருந்தது. அப்புறம் ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக்காக வாங்கிவைத்த தோள் பஞ்சில் ஒன்று மட்டும் இல்லை. திருடன் வந்திருந்தால் ஜோடியாக அல்லவா எடுத்திருப்பான்?

பிறகு இஸ்திரி மேசையே போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்துத் தேய்த்தேன். அம்மாவிடம் கேட்டதற்கு, "தேவைப்படுது" என்ற ஒரே வார்த்தைதான் பதில். ஒரு சனிக்கிழமை சமையலறைக்குப் போனால் அலமாரிக்குக் கதவு இல்லை. கதவுகள் இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. கீல்களை மட்டும் காணோம். செய்தி கேட்கலாம் என்று பழைய ரேடியோவை எடுத்தேன். சத்தம், பாஸ், டிரெபிள் என்று மூன்று திருகு இருக்குமே, அந்த இடத்தில் மூன்று ஓட்டை.

உன் அம்மா முப்பது வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். ஒரு மாத்திரையை மூன்று தடவை சரிபார்த்துக் கொடுப்பவள். அவள் வீட்டைப் பிரித்துப்போட ஆரம்பித்தால் நான் என்னவென்று நினைப்பது? அவள் வார்டு டாக்டரம்மா வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது மெல்லக் கேட்டேன், இவளுக்கு மறதி ஏதும் தொடங்கியிருக்குமா என்று. அவர் சிரித்துவிட்டு, "அவங்க ஞாபகத்துலதான் எங்க வார்டே ஓடுது. எதுக்கும் நீங்க ஒரு நாள் வாங்க, உங்களைப் பாத்துடலாம்" என்றார். நான் டேப்பை எடுத்து அவர் கை நீளத்தை அளந்தேன்.

உன் அறையை நீ போனபிறகு நான் திறந்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளேயிருந்து தடக் தடக் என்று சத்தம் கேட்டது. திறந்தேன்.

என் இஸ்திரி மேசை உன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றது. அதன்மேல், தரை துடைக்கும் மாப்பின் கம்பை முழ நீளத்துக்கு அறுத்து, இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் படுக்கவைத்திருந்தாள். கம்பின் முனையில் என் பூவேலை வளையம். விட்டால் நேராகத் திரும்பி நிற்பதற்கு இரண்டு பக்கமும் என் எலாஸ்டிக். கீழே ஒரு பலகையில் அலமாரிக் கீல் வைத்து இரண்டு மிதிகள், ஒரு மிதிக்கு அடியில் அந்த ஒற்றைத் தோள் பஞ்சு. உட்காருவதற்கு என் கடை நாற்காலி. பிரேக்கை மிதித்தால் அது சக்கரத்தில் பின்னால் உருண்டு ஓடுகிறதாம். அதனால் முன் சக்கரங்களை என் பழைய ஷூ ஜோடிக்குள் இறக்கி நிறுத்தியிருந்தாள். நடுவில் உன் அம்மா, மூக்குக் கண்ணாடியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் ஒரு சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

மோதியபின் திரும்பிப் பார்த்து, "அந்தப் பஞ்சு பத்தல. இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.

வீடியோ பார்த்துச் செய்தாளாம். நீ விட்டுப்போன, கையில் பிடித்து விளையாடும் கேம்பேடைப் பிரித்து, அதன் உள்பலகையோடு ரேடியோத் திருகுகளை ஒயர் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தவர் தெருமுனை மொபைல் ரிப்பேர்காரர். ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஆக்ஸிலேட்டருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. மிச்சமெல்லாம் அவள் கை.

எதற்கு என்று கேட்டேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு நெட்டில் ஒரு பந்தயம் ஓட்டுகிறாய், யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம் என்றாள். "போன்ல சாப்டியா, தூங்கினியான்னுதான் கேக்க முடியுது. அவ என்ன பண்றான்னு பாக்கணும்ல" என்றாள். பட்டாணியம்மா என்ற பெயரில் நாலு வாரமாக ஓட்டுகிறாளாம். நாலு வாரமும் கடைசியாம். புதன்கிழமை புதன்கிழமை நீயும் அவளும் போனில் பேசிக்கொள்கிறீர்களே, அதில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வந்ததில்லையாம். நீயும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஏன் என்றேன். "பேசினா கெட்டுப்போயிடும்" என்றாள். இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றபோது, நீ வைத்திருந்த நிஜ ஸ்டியரிங் செட்டு எனக்கு ஞாபகம் வந்தது. உன் சம்பளத்தில் சேர்த்து வாங்கியது. இருபத்தாறு வயதில் என்ன பொம்மை என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டேன், பந்தயக் கார் பட்டறையில் சேரப் போகிறேன் என்று நீ சொன்ன மறுநாள், நீ வெளியே போயிருந்த நேரம் பார்த்து அதைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். அவருக்கே மனம் வரவில்லை. "நல்லா ஓடுற சாமானாச்சே, சார்" என்றார். "எடுத்துட்டுப் போங்க" என்றேன். கம்ப்யூட்டரை மட்டும் அம்மா குறுக்கே நின்று தடுத்துவிட்டாள். சாயங்காலம் நீ வந்து வெறும் தரையைப் பார்த்தாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ பையில் துணியை அடுக்கினாய்.

கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம்தானா என்பதே இப்போது குழப்பமாக இருக்கிறது. நீ வேகமாகப் போய் எங்காவது மோதிவிடுவாய் என்று பயந்தேனா, நான் இல்லாத இடத்துக்குப் போகிறாய் என்று பயந்தேனா? உட்கார்ந்து யோசித்தால் தையல் கோணலாகிறது. எழுந்துவிடுகிறேன்.

வளையம் கையில் வழுக்குகிறது என்று அம்மா சொன்னாள். மறுநாள் மிஞ்சிய தோல் துண்டுகளை வெட்டி, அதைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். மீதித் தோள் பஞ்சையும் கொடுத்தேன். கோட்டுக்காரருக்கு வேறு ஜோடி வாங்கிக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

போன ஞாயிறு அம்மாவுக்குத் திடீரென்று டூட்டி போட்டுவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, "இடம் காலியா இருந்தா அவ தேடுவா. நீங்க சும்மா ரெண்டு சுத்து ஓட்டுங்க" என்றாள். எனக்கு சைக்கிளே ஒழுங்காக வராது. அதைச் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள்.

நாலு மணிக்கு உட்கார்ந்தேன். எல்லோர் காருக்கும் மேலே பெயர் மிதந்தது. ஒரு நீலக் காரின் மேல் பட்டாணி. வீட்டில் கூப்பிடுகிற பெயரை நீ விட்டுவிட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன். பச்சை விளக்கு வந்ததும் பயத்தில் இரண்டு மிதியையும் சேர்த்து மிதித்துவிட்டேன். கார் ஒரு சுற்று சுற்றி நின்றது, எல்லோரும் போய்விட்டார்கள். தட்டுத்தடுமாறி இரண்டாவது திருப்பம் வரை வந்தேன். அங்கே மணலுக்குள் இறங்கி, வந்த வழியைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டேன்.

ஒரு சுற்று முடித்து எல்லோரும் மறுபடி என் பக்கம் வந்தார்கள். முதலில் வந்தது நீலக் கார். அது மட்டும் வேகத்தைக் குறைத்தது. ஓரம் கட்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உன்னைத் தாண்டிப் போனார்கள். நான் திரையைப் பார்த்து, "போம்மா, போ, நிக்காத" என்று சத்தமாகவே சொன்னேன். உனக்கு எப்படிக் கேட்கும்? இரண்டு தடவை விளக்கை அடித்தாய். ரிவர்ஸ் எதில் இருக்கிறது என்று தெரியாமல் எதையெதையோ அமுக்கினேன். கடைசியில் பார்த்தால் நம் வாசல் காலிங்பெல் பொத்தானைத்தான் அம்மா அதற்கு வைத்திருக்கிறாள். பின்னோக்கி மணலை விட்டு ஏறி, காரைத் திருப்பினேன். நீ மெதுவாக முன்னால் போனாய். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ரொம்ப முன்னாலேயே உன் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியும்போதெல்லாம் நானும் மிதித்தேன். ஒரு சுற்று முழுக்க எங்கும் மோதாமல் வந்தேன், பட்டாணி. கடைசிக்கு முந்தின இடம் உனக்கு, கடைசி இடம் எனக்கு.

அதன்பிறகு ரொம்ப நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

நீ அம்மாவுக்காக நின்றாய். மேலே மிதந்தது அவள் பெயர்தானே. உள்ளே இருந்தது நான். இதை மறைத்துக்கொண்டு அந்த ஒரு சுற்றை நான் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. அம்மா போனில் சொல்கிறேன் என்றாள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன்.

வருகிற ஞாயிறும் அவளுக்கு டூட்டிதான். நான்தான் உட்காருவேன். மணலில் இறங்கினால் நானே ஏறிக்கொள்வேன், பொத்தான் எங்கே என்று இப்போது தெரியும். எனக்காக நீ நிற்காதே. உன் வேகத்தில் போ. எல்லோருக்கும் முன்னால் போ. நான் மெதுவாக வந்துகொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்தால் போதும்.

நீ எடுக்கும் ஒவ்வொரு திருப்பமும் உனக்கு நல்லபடியாக அமையட்டும்.

அன்புடன்,
அப்பா