வெள்ளை மூடி டிரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லாரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, நான் இந்தப் பக்கம் தும்மினால் உன் அத்தை அந்தப் பக்கத்திலிருந்து வெந்நீர் குடிக்கச் சொல்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் மாத்திரையை நான் நீட்டினால்தான் வாயைத் திறக்கிறார்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டு உண்ணிக்குப் புது மருந்து சோதிக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதில் அத்தையின் மாடு மூக்குத்தியையும் நான்தான் பேசிச் சேர்த்தேன். மூக்கில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்ததே, அந்தக் கன்றுதான், இப்போது அதுவே கன்று போட்டுவிட்டது. பாதி மாடுகளுக்கு நீல மூடி டிரம்மிலிருந்து மருந்து, மீதிக்கு வெள்ளை மூடி டிரம்மிலிருந்து வெறும் தண்ணீர், அப்படிச் செய்தால்தான் உண்ணி மருந்தால் செத்ததா தானாக உதிர்ந்ததா என்று தெரியும். இதை எல்லாரிடமும் சொல்லித்தான் சேர்த்தோம். அத்தை மட்டும், "நீ இருக்கும்போது என் மாட்டுக்குப் போய் தண்ணியா அடிப்பே" என்று சிரித்துவிட்டாள். எந்த மாட்டுக்கு எது என்பது டாக்டருக்கும் கலக்குகிற எனக்கும் மட்டும்தான் தெரியும், வெளியே விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கியதில் மூக்குத்திக்கு வெள்ளை மூடி விழுந்தது.

வாரா வாரம் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு போய் நானே அதன்மேல் தண்ணீர் அடிக்கிறேன். காதுக்குள்ளும் மடியைச் சுற்றியும் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கிடக்கிறது, அத்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "படிச்சவ கை பட்டா பூச்சி நிக்குமா" என்று மாட்டிடம் பெருமை பேசுகிறாள். போன வாரம் பம்பில் மிஞ்சியதை, மருந்தை வீணாக்கலாமா என்று வாளியில் பிடித்துத் துணியால் கன்றுக்கும் பூசினாள். பிறகு விஷமாயிற்றே என்று சோப்பு போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், பாப்பா.

இப்போது மூக்குத்தி தீனியை முகர்ந்துவிட்டுத் தள்ளுகிறது, ஈறு வெளுத்துப் போயிற்று, பாலும் குறைந்துவிட்டது. டாக்டரிடம் சொன்னேன். காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியம் பார்ப்போம், அதுவரை நாமாக ஒரு மாட்டை விலக்கினால் சோதனை கோணிவிடும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, சொல்வதும் நியாயம்தான். மாட்டுக்காரர்கள் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம், "என் மாடு வேண்டாம்" என்றாலே போதும். ஆனால் அது அவர்கள் வாயிலிருந்து தானாக வர வேண்டும், நாங்கள் தூண்டக் கூடாது. நான் குணப்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று நம்புகிறவள் எப்படிச் சொல்வாள்? நானே அவளிடம் சொன்னால் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பேன், சொல்லாமல் இவள் முகத்தில் தினமும் விழித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாகச் சுவருக்கு அப்பால் மாட்டோடு பேசுகிற சத்தம்கூட இல்லை.

உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. நீ யாருக்கும் வாக்குக் கொடுத்தவள் இல்லை, அவ்வளவுதான்.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. கடிதம் கிடைத்த அன்றே அத்தைக்குப் போன் பண்ணு, அப்பா முட்டியைப் பிறகு விசாரிக்கலாம், முதலில் மூக்குத்தியைப் பற்றிக் கேள். நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருப்பேன்.

உன் அம்மா