எல்லாரும் சொல்ல வேண்டிய செபம்

அன்பு மகள் கேரலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. டப்ளின் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் நீ விட்டுப்போன லேப்டாப்பில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்புகிறேன். கோபம் இருந்தாலும் கடைசி வரை படி அம்மா.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு செபத்தில், நம் எஸ்டேட் சேப்பலில், நீ எழுதிய செபம் வந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதை வீடியோ காலில் பார்த்துவிட்டு நீ கட் பண்ணினாய். நான் எழுதினதச் சொல்லக்கூட அவங்களுக்கு மனசில்லப்பா என்று ஒரே ஒரு மெசேஜ். அடக்கத்தன்று குளோரியா சின்னம்மா, பெத்த தாய் முகத்தப் பாக்கக்கூட வரலியே என்று எல்லார் முன்னாலும் சொன்னது உன் மனதில் இன்னும் முள்ளாகக் கிடக்கிறது, எனக்குத் தெரியும். விசா கைக்கு வராமல் நீ அங்கே துடித்தது அவளுக்கு அப்போது தெரியாது. ஆனால் இந்தத் தடவை நடந்தது அது இல்லை அம்மா. பாவி நான் செய்த வேலை.

செபப் புத்தகத்தை நீதான் அங்கிருந்தே டைப் செய்து அனுப்பினாய், வர முடியாத உனக்கு இருந்த பங்கு அது ஒன்றுதான். செபத்தை நடத்தும் உபதேசியார் சொல்வதற்கு மெல்லிய எழுத்தில் ஒரு ஸ்டைல், எல்லாரும் சொல்வதற்குத் தடித்த எழுத்தில் ஒரு ஸ்டைல் என்று பெயர் வைத்து, எழுத்தைப் பெருசாக்கணும்னா அந்த ஸ்டைல்ல போயி மாத்துங்கப்பா, மொத்தமா கை வைக்காதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னாய். என் புத்தி எங்கே போனதோ! கண் மங்கியவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, இருந்த வடிவத்தை எல்லாம் அழிக்கும் பட்டனை அமுக்கி, பிறகு பெரிதாக்கினேன். பளிச்சென்று இருக்கிறதே என்று எனக்கே பெருமை, அப்படியே மோட்டாரில் ஏறிப் பெடாஸ் டவுனுக்குப் போய் அச்செடுத்து வந்துவிட்டேன். தடித்த எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதைப் பார்க்கவே இல்லை.

பழைய செபங்கள் நம் ஆட்களுக்கு மனப்பாடம், தாளைப் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டார்கள். உன் செபம் புதிது. அதை எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று நீ முன்னாலேயே போனில் சொல்லியிருந்ததால் உபதேசியார் விக்டர் நிறுத்திக் காத்திருந்தார், ஜனங்களோ மெல்லிய எழுத்தைப் பார்த்துவிட்டு, இது உபதேசியார் பங்கு என்று அவர் வாயையே பார்த்தார்கள். தடித்துக் கறுப்பாக இல்லாத வரியை நம் ஆட்கள் தொடவே மாட்டார்கள், சின்ன வயதுப் பழக்கம். கடைசியில் அவர் தனியாகப் படித்தார், அதற்குள் நீ போய்விட்டாய்.

உன் மெசேஜைக் குளோரியாவிடம் காட்டினேன். என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க, கறுப்பா இருந்தாத்தானே லா நாங்க வாயத் தொறப்போம் என்று என்னைக் கிழித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பேச்சு இன்னும் புள்ள மனசுல இருக்கா, என் நாக்க அறுத்துக்கலாம் போல இருக்கு என்றாள். நீ அனுப்பிய ஃபைலை மறுபடி திறந்து, ஸ்டைலில் மட்டும் கை வைத்துப் பெரிதாக்கி அச்செடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா படத்துக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து சொன்னோம், குளோரியா குரல்தான் முதலில் எழுந்தது. ஆனாலும் முதலாம் ஆண்டு ஒரு தடவைதானே வரும், அதை உனக்கு நான் எங்கிருந்து திருப்பித் தருவேன்.

வேறு விசேஷம் இல்லை. ரம்புத்தான் பழம் இந்த வருஷமும் குரங்குக்குத்தான். டியூட்டி முடிந்து வந்து வெறும் ரொட்டியோடு படுத்துவிடாதே, தொட்டுக்கொள்ளச் சின்னம்மா மிளகாய்ச் சம்பால் செய்து அனுப்புகிறாளாம். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றே ஒன்று. என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி, அதை உன் ஸ்டைலைப் போட்டுத் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். தடித்த எழுத்தை யார் சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா கேப்ரியல்

அப்பா, நான் கேரல் பேசுறேன்.