உண்ணிச்செடி வெட்டிய சரிவு

3.11.2024
ஊட்டுக்குப் பின்னால் சரிவில் உண்ணிச்செடி வெட்டி முடித்தோம். போன வருசம் சரிந்து மாட்டுக் கொட்டகையை மூடிய அதே சரிவு. முள்ளுக்குள் நாவலும் வேங்கையும் தானாக முளைத்து, வெயில் இல்லாமல் நோஞ்சானாக நின்றன. இனி வளரும். வேர் பிடித்தால் மண் நிற்கும்.
மச்சினன் செல்வத்தின் முதுகெல்லாம் கீறல். “மாப்ளே, கரடியோட சண்டையா, பொண்டாட்டியோடயா?” என்றேன்.
“ரெண்டும் ஒண்ணுதானுங்க மாமா.”
அத்தாயி தம்பி என்றும் பார்க்காமல் ஒரு குட்டு வைத்தாள். என் ஊட்டுக்காரி கை அப்படி.

8.12.2024
கன்றுகளில் புது இலை. போய்ப் போய்ப் பார்க்கிறேன். “தொட்டில் கட்டி ஆட்டறதுதானே” என்கிறாள் அத்தாயி.

29.12.2024
ஊர் முழுக்கச் சாமை அறுப்பு முடிந்தது. அறுத்த மறுநாள் ஆட்டை அவிழ்த்துவிடுவது வழக்கம். நானும் என் ஆடுகளை அவிழ்த்துவிட்டேன்.

2.1.2025
கன்றுகளில் ஒரு இலை இல்லை. குச்சிதான் நிற்கிறது.
முள் இருந்தவரை ஒரு ஆடு உள்ளே போனதா? வேலியை நானே வெட்டிப்போட்டு, ஆட்டையும் நானே — என்ன புத்தி எனக்கு?

12.1.2025
கடித்த குச்சி மறுபடி துளிர்க்கும் என்றாள் அத்தாயி. அதை நம்பி ஊர்க்கூட்டத்தில் எழுந்தேன். “இந்த ஒரு வருசம் ஆட்டைக் கட்டி மேய்க்கோணுமுங்க. கன்னு தலைதூக்கலீன்னா மழைக்கு என் ஊடு போயிருமுங்க.”
செல்வம்தான் முதலில் சிரித்தான். “மாமா ஆரம்பிச்சுட்டாருடா!”
“உங்க ஆடுதானுங்க மொதல்ல போச்சு” என்றார் யாரோ. கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருசம் இவர்களைச் சிரிக்கவைத்த வாய். இனி அழுதாலும் நடிக்கிறான் என்பார்கள்.

13.1.2025
என் ஆடுகளை மட்டும் கட்டினேன்.

20.4.2025
துளிர்த்தது. மற்ற ஆடுகள் வந்து அதையும் கடித்துவிட்டன. நாவலும் வேங்கையும் பட்டுப்போயின. உண்ணிச்செடி மட்டும் அடியிலிருந்து கிளம்பி, முழங்கால் உயரத்தில் பூத்திருக்கிறது. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போகிறது. எனக்கென்று வாய்த்த பயிர்!

26.10.2025
விடாத மழை. முந்தாநாள் சரிவில் விரிசல் கண்டதும் பாத்திரம் பண்டத்தோடு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு, அத்தாயியின் சித்தி மகள் ஊட்டுக்கு வந்துவிட்டோம்.
இன்று சாயங்காலம் செல்வம் மலையிலிருந்து பஸ்ஸில் வந்தான். சொட்டச் சொட்ட நின்றான். “மண்ணு சரிஞ்சு ஊட்டுப் பின்செவுரு போயிருச்சுங்க மாமா. இனிமே அறுப்புக்கப்புறமும் ஆட்டைக் கட்டித்தான் மேய்க்கோணும்னு கூட்டத்துல பேசியாச்சுங்க.”
நான் ஏதாவது கிண்டலாகச் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தான்.
“தலையைத் துவட்டு சாமி” என்றேன்.