விதைக்கு விட்ட கத்திரிக்காய்

இன்று காலையில் முதலில் கண்ணில் பட்டது அந்த ஓட்டைதான். உன் முள்ளுக் கத்திரிச் செடியில் விதைக்கென்று விட்டிருந்த ஒரே காயில், காம்புக்குக் கீழே, குண்டூசித் தலை அளவுக்கு. ஓட்டையின் வாயில் புழுவின் ஈரமான எச்சம் வேறு. காய் நன்றாகப் பழுக்க இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. ஆம்பூரில் எத்தனை வீட்டில் செடி இருக்கிறது, இந்தப் புழுவுக்கு என் வீடுதான் கிடைத்ததா?

உன் வீட்டிலிருந்து நான் பிடுங்கி வந்து பெயிண்ட் வாளியில் வைத்தது மூன்று செடி. ஒன்றுக்கு மாவுப்பூச்சி வெள்ளையடித்துவிட்டுப் போனது. இன்னொன்று இலை முழுக்கச் சல்லடையாகிச் செத்தது. வேப்பெண்ணெய் அடித்தேன், சோப்புத் தண்ணீர் அடித்தேன், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் அரைத்து ஊற்றினேன். பிரியாணிக்குக்கூட நான் இவ்வளவு அரைத்ததில்லை. பூச்சிகள் ருசி கண்டதுதான் மிச்சம். மீதி இருப்பது இந்த ஒரு செடி, இந்த ஒரு காய். இதுவும் போனால் உன் கத்திரிக்காய் வம்சம் முடிந்தது. பெங்களூரிலிருந்து உன் மகள் போன் செய்யும்போதெல்லாம் கேட்பது அம்மா செடியின் விதையைத்தான்.

நத்தைக்கு நீ கட்டிய கோட்டையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நம் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு பை நிறையக் கொண்டுவந்தாய். சொரசொரப்பான பக்கம் மேலே இருந்தால் நத்தை ஏறாது என்பது உன் கண்டுபிடிப்பு. செடியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடுக்கினாய். மழை பெய்தது. தோல் ஊறி வாடை கிளம்பியதும் தெரு நாய்கள் அத்தனையும் வந்து துண்டுகளைக் கடித்து இழுத்துப் போயின, கூடவே செடிகளையும். வெறும் மண்ணில் நத்தை ஒன்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் நீ இரண்டு நாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பிறகுதான் நீ கையை மட்டும் நம்பினாய். புதுச் செடிகள் வைத்து, பஸ் வருவதற்கு முன்னால், தலை வாரிய கையோடு, துவண்ட கொழுந்துகளைத் தேடித் தேடிக் கிள்ளுவாய். பிளந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் புழு நெளியும்.

"இன்னாடி, புழுவுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறியா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"சிரி, சிரி. கொழுந்துல உட்டா நாளைக்குக் காய்ல வந்து உக்காரும்" என்பாய்.

வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது செடிகளை என் பொறுப்பில் விட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். மூக்கில் குழாய். நான் வாங்கி வந்த ஆரஞ்சை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொழுந்து கிள்ளினியா?"

"கிள்ளாம? நீ எந்திரிச்சி வா, பச்சடிக்குக் காய் தொங்குது."

அதுவரை உன் வீட்டுக் கேட்டைக்கூட நான் திறக்கவில்லை. ஓவர்டைம், கால்வலி என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்வேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். புளுகாதேடி என்று அன்றைக்கே திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. உன் சாவு எடுத்த மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாச் செடியும் தலை தொங்கி நின்றது. அதில் தேறிய மூன்றைத்தான் பிடுங்கி வந்தேன்.

இன்னும் காத்திருந்தால் புழு முழுக் காயையும் முடித்துவிடும். அதனால் இன்றே அறுத்துவிட்டேன். ஒரு பக்கம் கறுத்துப்போய், நடுவில் அது கொழுகொழுவென்று படுத்திருந்தது. அதை நான் என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பது எழுதாமலே உனக்குத் தெரியும். மறுபக்கத்து விதைகளை வழித்துத் தண்ணீரில் போட்டேன். பாதி பதராக மிதந்தது. மூழ்கியதைச் சாம்பலில் புரட்டி முறத்தில் காய வைத்திருக்கிறேன். இரண்டு சிட்டிகை தேறும். ஒன்று உன் மகளுக்கு, ஒன்று எனக்கு. சரியாகப் பழுக்காத காய், முளைக்குமா என்பது தெரியாது.

இப்போது நானும் தினம் காலையில் கிள்ளுகிறேன். அப்படியும் இந்தத் திருடன் எந்த வழியாக நுழைந்தானோ. கிள்ளுவதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் வளர்க்கிறேன். தைக்கிற தோலில் கீறல் விழும், வெட்டும்மா என்று சூப்பர்வைசர் தினமும் சொல்கிறார். நாளைக்கு வெட்டிடறேன் சார் என்று மூன்று வாரமாக அவரிடமும் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.