வெள்ளிக்கிழமைத் தலைவலி

பக்கத்து வீட்டுக் காம்பராவில் சாம்பிராணி போடுகிறார்கள். உன் மகள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு, "கதவச் சாத்துங்க அப்பாயி, பொகை மண்டைக்குள்ள ஏறுது" என்றாள். ஓடிப்போய்ச் சாத்தினேன். நீயும் இதையேதான் என்னிடம் கேட்டாய், மருமகளே. அன்றைக்கு நான் சாத்தவில்லை.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் வீட்டுக்கு நல்லது என்று உன்னை வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்க வைத்தேன். வெறும் தேத்தண்ணியோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவாய். கூடைக்கயிறு தலையை அழுத்தும். வெயில் கண்ணைக் குத்தும். மத்தியானத்துக்குள் செடி நிரையிலேயே உட்கார்ந்துவிடுவாய்.

"மாமி, கண்ணு முன்னால பளபளன்னு என்னமோ நெளியுது. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் இடிக்குது" என்பாய். பிறகு வாந்தி.

"வெள்ளிக்கெழமையா பார்த்து வருதே?" என்றாள் உன் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் செல்லாயி.

"சாமி நாளு எதுக்குத் தாங்காது? பேய்க்குத்தான்" என்றேன். பேய் என்ற பேச்சை முதலில் எடுத்தவள் நான்தான்.

பூசாரியை அழைத்து வந்தேன். வலியோடு கிடந்த உன்னை எழுப்பி உட்கார வைத்து, முகத்துக்கு நேரே கற்பூரம், மூக்கடியில் புகை, காதோரம் உடுக்கு. உன் நாலு வயது மகள் மூலையில் நின்று அழுதாள். "யாரு நீ? சொல்லு!" என்று பூசாரி அதட்டினார். "நான்தாங்க. வேற யாருமில்ல" என்றாய். எத்தனை தடவை சொன்னாய்! கடைசியில், ஆற்றில் விழுந்து செத்துப்போன கீழ்லயத்துக்காரியின் பெயரைச் சொன்னாய். உடுக்கு நின்றது. எல்லாரும் கும்பிட்டார்கள். நான் சொன்னது சரியாகிவிட்டதென்று தலை நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் காலை அடுப்படியில் மெதுவாகச் சொன்னாய்: "அந்தப் பேரச் சொன்னா நிறுத்துவாருன்னுதான் சொன்னேன் மாமி. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"வாய மூடு புள்ள. வெளிய தெரிஞ்சா என் மூஞ்சில துப்புவாங்க."

நீ மூடிக்கொண்டாய். அதன் பிறகு செல்லாயிகூட உன் பக்கத்து நிரையில் நிற்கவில்லை. மலையின் ஓரத்தில் தனியாகவே கொழுந்து பறித்தாய். நாலைந்து வருடம் கழித்து ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை அப்படித்தான்.

இப்போது உன் மகளுக்குப் பதினாறு. பரீட்சைக்குப் படிக்கிறவள். அவளுக்கும் அதே பளபளப்பு, அதே ஒற்றைப்பக்க இடி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார்.

"இது ஒற்றைத் தலையிடி. சாப்பிடாமல் இருந்தா வரும். நித்திரை குழம்பினாலும் வரும். வெயில், புகை, பெரிய சத்தம் ஒண்டும் சில பேருக்கு ஒத்துவராது. வலி தொடங்கேக்கையே நான் தாற குளிசையைக் குடுங்கோ. தண்ணி குடிச்சிட்டு இருட்டறையில படுக்கட்டும். ஈரத்துணி போட்டாலும் சுகமா இருக்கும். அம்மாவுக்கும் இப்பிடித் தலையிடி இருந்ததோ? இது பரம்பரையா வாறது."

"தெரியலீங்க" என்றேன். உன் மகள் என்னையே பார்த்தாள்.

என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், எந்த நாளில் வலி வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வரச் சொன்னார் டாக்டரம்மா. எழுத்துத் தெரிந்தவளாயிற்றே, நானே எழுதினேன். மூன்றாம் பக்கத்திலேயே பிடிபட்டுவிட்டது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் சாப்பிடாமல் போன நாளெல்லாம் வலி வந்த நாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைமேல் ஒரு குற்றமும் இல்லை. உன் வயிற்றைக் காயப்போட்டது நான்.

நேற்று ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் நானும் உன் மகளும் மற்றவர்களோடு நின்றோம். செல்லாயி அக்கறையாகத்தான் சொன்னாள்: "அம்மாவப் புடிச்சதுதான் மகளையும் புடிச்சிருக்கு. காலத்தோட பூசாரியக் கூப்பிடுங்கக்கா."

உன் மகளின் முகம் வெளுத்துவிட்டது. "நெசமாவா அப்பாயி?"

இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளையின் காதோரமும் உடுக்கு வந்துவிடும். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "என் மருமகளுக்குப் பேய் கெடையாது. உடுக்க நிறுத்தத்தான் அந்தப் பேரச் சொன்னா. மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டா. நான்தான் வெளிய சொல்லக்கூடாதுன்னேன்."

யாரும் துப்பவில்லை. துப்பியிருக்கலாம். பீலித் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. உன் மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போனாள்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள் செல்லாயி. "நான் அவ பக்கத்துலயே நின்னிருப்பேனே. கடைசி வரைக்கும் அவளைத் தனியா விட்டுட்டேனே. ஏன் சொல்லல?"

என் மரியாதை போய்விடும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அதைச் சொல்லாமல், வழிந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். நீ ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை, செல்லாயி கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியோடுதான் மேட்டில் ஏறினேன். இன்னும் அதை இறக்கி வைக்க முடியவில்லை.