பெருமேட்டு நெருப்பு

விதைப்பு நிலவு, வளர்பிறை

ஓடையில் மீன் மறிக்கும் நாணல் தட்டியைக் காலையில் சரிசெய்தேன். மனைவியின் தம்பி வளைந்தவில் கரையில் உட்கார்ந்து வாயால் மட்டும் உதவினான்.

“பெருமேட்டு மாப்ள, உங்க ஊர்ல மீனே வந்து கூடையில குதிக்குமாமே?”

கல்யாணமாகி மனைவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கேலி. ஆனால் அது பாதி உண்மை என்று அவனுக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்தால் எங்கள் ஊர்க் குட்டைகளில் மீனைக் கையாலேயே அள்ளுவோம்.

விதைப்பு நிலவு, பௌர்ணமி

பெண்கள் மக்காச்சோளம் ஊன்றி முடித்தார்கள். வேலை ஓய்ந்தால் மனம் பெருமேட்டுக்குத்தான் போகிறது. பெரிய மண்மேட்டின் அடியில் அந்த மைதானம், உருண்டோடும் வட்டக்கல், அது எங்கே நிற்கும் என்று கணித்து ஈட்டி எறிய ஓடும் நாங்கள். அம்மா ஓரத்தில் நின்று எதிராளியின் பரம்பரையையே திட்டுவாள். அந்த இரைச்சலை இந்தச் சின்ன ஊரில் எங்கே கேட்பது?

விதைப்பு நிலவு, தேய்பிறை

உப்புப் படகுக்காரன் வந்தான். பெருமேட்டில் கோட்டைச் சுவர் மரங்களைப் பிடுங்கி அடுப்பெரிக்கிறார்களாம். இரண்டு வருடமாக விளைச்சல் இல்லையாம், படகு படகாக ஜனங்கள் வெளியேறுகிறார்களாம். என் தங்கை வெள்ளைநாணலைப் பார்த்தாயா என்றேன். அத்தனை கூட்டத்தில் யாரைப் பார்ப்பது என்றான்.

மறுநாள்

சாப்பிடப் பிடிக்கவில்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது.

மல்பெரி நிலவு, வளர்பிறை

தங்கை வந்துவிட்டாள். இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு விதைக்கூடை, மணல் பரப்பிய சட்டியில் மறைந்த அம்மாவின் அடுப்பு நெருப்பு. வழியெல்லாம் சுள்ளி போட்டு அணையாமல் கொண்டுவந்திருக்கிறாள். எத்தனை மெலிந்துவிட்டாள்!

தெற்கே போகப் போகிறாளாம். என்னையும் அழைக்கிறாள்.

“அண்ணே, நம்ம பருந்துக் குலத்துல ஆம்பளன்னு மிச்சம் நீ ஒருத்தன்தான். இதுகளுக்குத் தாய்மாமன் வேற யாரு இருக்கா?”

யாருமில்லை. அது எனக்கும் தெரியும். இங்கேயே இருக்கச் சொல்லலாமென்றால், நிலமெல்லாம் என் மனைவியின் கரடிக் குலத்துப் பெண்களுடையது. எனக்கென்று கொடுக்க ஒரு பிடி மண் கிடையாது.

மல்பெரி நிலவு, இரண்டு நாள் கழித்து

என் மகள் தும்பி அத்தை மகள்களோடு மரமேறி, வாயெல்லாம் மல்பெரிச் சாறாக வந்தாள். தாய்வழியில் அவள் கரடிக் குலத்துப் பிள்ளை. அவளை வளர்க்கிற உரிமை அவள் மாமன் வளைந்தவில்லுக்குத்தான். நான் போனால் தனியாகத்தான் போக வேண்டும் — போய்? எப்போது திரும்புவது?

ஆனால் தங்கையைத் தனியாக அனுப்பிவிட்டு நான் என்ன மனிதன்?

மல்பெரி நிலவு, பௌர்ணமிக்கு முன்

போகிறேன் என்று மனைவி காடையிடம் சொல்லிவிட்டேன். அவள் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“போறதுன்னா போ. சொல்லிட்டியே, அது போதும். எங்க அப்பா மாதிரி மீன் பிடிக்கப் போறேன்னு போய்த் தொலையல.”

பிறகு எழுந்து, குலத்தலைவியான தன் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். பொழுது சாயும்வரை திரும்பவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லையாம். சண்டை போட்டிருக்கிறாள், குலத்துப் பெண்கள் அத்தனை பேரோடும்.

பௌர்ணமி

பெரியம்மாவே நேரில் வந்தார். ஆற்றோரம் தரிசாகக் கிடக்கும் துண்டை வெள்ளைநாணலுக்குக் கொடுப்பார்களாம். இப்போது ஊன்றினாலும் விளையும். ஆனால் ஒன்று.

“ஒரு ஊர்ல ரெண்டு நெருப்பு ஆகாது. எங்க கோயில் நெருப்புலேருந்து எடுத்து அடுப்பு மூட்டணும். நீ கொண்டுவந்ததை அணைச்சிடு, தாயி.”

தங்கை சட்டிக்கு இன்னொரு சுள்ளி போட்டாள்.

தேய்பிறை

இத்தனை நாளும் தங்கை சட்டியை விட்டு நகரவில்லை. ‘இரு’ என்று நான் சொல்லவில்லை. ‘வா, போகலாம்’ என்றும் சொல்லவில்லை. காடை தினமும் கஞ்சி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று மத்தியானம் தங்கை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். பிடிக்கப் போனேன்.

“நீ தொடாதே. அம்மா என்கிட்டதான் கொடுத்தா.”

கவிழ்த்தாள். ஒரு சீறல், கொஞ்சம் புகை. சாம்பல் தெற்கே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் ஊர் இனி எங்குமில்லை. நான் வாய்விட்டு அழுதேன், அவள்தான் என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள்.

அறுவடை நிலவு, வளர்பிறை

காடையும் வெள்ளைநாணலும் இன்று முதல்முறையாகச் சண்டை போட்டார்கள். மக்காச்சோளத்தைத் தோல் கழல வேகவைக்க எவ்வளவு அடுப்புச்சாம்பல் போடுவது என்பதில். இரண்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினார்கள்.

“உங்க ஊர்ல சாம்பலைத்தான் தின்னு வளர்ந்தீங்களா?”

“நீங்க ஆக்கிப் போட்ட லட்சணத்துலதான் எங்கண்ணன் எலும்பாக் கிடக்கான், அண்ணி.”

சாப்பாட்டு வேளைக்கு இரண்டு வீட்டிலிருந்தும் எனக்குச் சட்டி வந்தது. தங்கையுடையது அப்படியே அம்மா கைப்பக்குவம். அதை இந்த வீட்டில் சொல்ல முடியுமா? எது ருசி என்று இருவரும் என் வாயையே பார்த்தார்கள். தங்கையின் ஆற்றோர வீட்டுக் கூரைக்குப் புல் அறுக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

இரண்டு சட்டியையும் வழித்துத் தின்றது தப்பு. குனிய முடியவில்லை.