இரண்டு காலையும் போட்டுப் பார்

அண்ணா,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு ஊர்ப்பணியில் இருக்கும் பையன்களுக்குக் காட்டாதே, போன் கடை அத்தைக்குக் காட்டாதே, படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் உனக்கு அனுப்பும் பையின் மேலேயே கிடக்கும், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இது அதே பையிலுள்ள புது ஷூவுக்குள் இருக்கும். இரண்டும் என் கையெழுத்துதான், ஆனால் நீ நம்ப வேண்டியது இதை. குளியலறையில் தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் உட்கார்ந்து, உன் இயற்பியல் புத்தகத்தை மடியில் வைத்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான். யாராவது எழுந்து வந்தால் அப்படியே நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் உன் இடத்தை அடுத்த வருஷம் வரை வைத்திருக்காது. செப்டம்பர் பதினைந்துக்குள் நீ திரும்பி வந்து பாடங்களைப் பதிவு செய்யாவிட்டால் மின்பொறியியல் போய்விடும். கேட்டாயா அண்ணா, போய்விடும்.

நாங்கள் எல்லாரும் சுகம், நீயும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம் என்று அந்தக் கடிதத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். அது பாதிதான் நிஜம். அம்மாவுக்கு முதுகு நிமிரவில்லை. ஸ்ட்ராபெர்ரி முடிகிற நேரம், பழம் சிறுத்துவிட்டது, ஒரு பெட்டி நிரப்ப முன்னைப் போல இரண்டு மடங்கு குனிய வேண்டியிருக்கிறது. இரவில் தரையில் படுத்துக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் பீன்ஸ் பொறுக்குகிறாள். பெரியப்பா மகன் பெத்தோ இப்போது பழ லாரி ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒரு முறையாவது உன்னைத் திட்டுகிறான், அது உன்னை நினைக்கிறான் என்று அர்த்தம். வீட்டில் பெரிய ரகளை உன் பிக்கப் வண்டிச் சாவியால்தான். நீ அடுத்த வருஷம்தான் வருவாய், வண்டி சும்மா நின்று துருப்பிடிக்க வேண்டாம் என்று டயர் கடைக்காரருக்கு விற்பதாக அப்பா பேசி முடித்துவிட்டார். அவர் வந்து நின்றபோது சாவியைக் காணோம். அப்பா வீட்டையே புரட்டிப் போட்டார். பீன்ஸ் டப்பாவைத் தரையில் கொட்டினார், என் பள்ளிப் பையைத் தலைகீழாக உதறினார், பெத்தோவைப் பார்த்து "நீதாண்டா ஊர் சுத்த எடுத்திருப்ப" என்று கத்தினார். அவன் "அந்த வண்டியில நானா? ரெண்டாவது கியர் விழுறதுக்குள்ள மறுநாள் விடிஞ்சிரும் சித்தப்பா" என்றான். அம்மா அடுப்பைவிட்டு நகரவே இல்லை. "எனக்கு என்ன தெரியும், நானா வண்டி ஓட்டுறேன்?" என்று கல்லில் வெந்த தோர்த்தியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். சாவி இன்னும் கிடைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் நம் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் சம்பளமில்லாமல் செய்ய வேண்டிய பணி அப்பா பெயருக்கு விழுந்தபோது, மூன்று மாதம் மட்டும், அதற்குள் மகாரியோ சித்தப்பா வந்து பணியை வாங்கிக்கொள்வார் என்று சொல்லித்தானே உன்னை அனுப்பினார்கள். சித்தப்பா வரப்போவதில்லை. வாஷிங்டனில் ஆப்பிள் தோட்டத்து ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். அதற்கு முன்பே ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. நீ தண்ணீர் பம்பைச் சரிசெய்தாயே, அதுதான் வினை. ஊர்ச் சபைத் தலைவர் அப்பாவிடம், "ரெண்டு வருஷமா ஏறாத தண்ணி உம் பையன் கை வச்சதும் மேட்டுத் தெரு வரைக்கும் ஏறுதுப்பா, இவனை விட்டுட்டு வேற எவனை வச்சு நாங்க என்ன பண்றது?" என்றாராம். சபை கூடி, அப்பா பெயருக்கு விழுந்த பணியை அடுத்த வருஷக் கடைசி வரை நீயே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. அப்பா சரி என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார் அண்ணா. சந்தோஷத்தில். பம்பு அறையில் உனக்கு ஷாக் அடித்தது என்று கேட்டதும் மறுநாளே போய் ரப்பர் அடி வைத்த இந்த ஷூவை வாங்கி வந்தார். தனக்கு இப்படி ஒரு ஷூ அவர் வாங்கி நான் பார்த்ததில்லை. அவரை வெறுக்க முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். அம்மா சொன்னாள், அப்பா தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வர முடியாது, நீயே இருந்து முடித்துவிட்டு வா என்பது வரை அம்மா சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அப்பா எடுத்துக் கொடுத்தார், "காலேஜ்ல இடத்தை வச்சிருப்பாங்கன்னு எழுதச் சொல்லு." அம்மா என்னைப் பார்க்காமல் அதையே திருப்பிச் சொன்னாள். நான் பேனாவை வைத்துவிட்டேன். "அப்பா, அப்படி யாரும் சொல்லலையே" என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "இத ஒருத்தர் வந்து வேற சொல்லணுமா? பேரு கூப்பிட்டாச்சுன்னா கூப்பிட்டதுதான். ஊர்ல எம் பேரு பதினோரு வருஷம் காத்துக்கிட்டு இருந்துச்சு, எவனாவது அதத் தொட்டானா? அவ்ளோ பெரிய காலேஜு ஒரு வருஷம் காத்திருக்காதா?" என்றார். அவர் உன்னை ஏமாற்றவில்லை அண்ணா. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, பொய் என்றால் என்றாவது ஒரு நாள் அவரே சொல்லிவிடுவார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். பள்ளியில் மதியம், உடற்பயிற்சிக் கூடத்துப் பின்படியில் நின்று. உன் பெயரைச் சொன்னதும் அங்கே போனை எடுத்த அலுவலகப் பெண்மணி, "நீங்க அவருக்கு யாரு?" என்றார். தங்கை என்றேன். "அவரைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதும்மா, சட்டம் அப்படி" என்றார். அழுதுவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சரி, யாரோ ஒரு பையன், சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு உங்களிடம் மின்பொறியியலுக்கு மாறி வருகிறான், அவனால் இப்போது வர முடியவில்லை, அப்படி யாரோ ஒருவன் இருந்தால் என்று கேட்டேன்.  "யாரோ ஒருத்தனுக்குன்னா சொல்றேன், கேட்டுக்கோ" என்று மெல்லச் சொன்னார். இப்படி மாறி வருபவர்களுக்கு இடத்தைத் தள்ளிவைக்கும் வழக்கமே இல்லையாம். பதினைந்தாம் தேதிக்குள் பாடங்களில் பெயர் பதிய வேண்டும், முதல் ஆய்வக வகுப்புக்கு நேரில் வந்து நிற்க வேண்டும், வராதவர் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். பிறகு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அப்போது எடுப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. "அந்த யாரோ ஒருத்தன் எங்கேயிருந்தாலும் கிளம்பி வரச் சொல்லும்மா" என்றார். இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரு பொம்பள நாற்காலியில உக்காந்துக்கிட்டுச் சொன்னா ஆச்சா? சபை கூடிச் சொல்லுச்சா?" என்றார். இன்னொரு முறை இந்தப் பேச்சை எடுத்தால் பள்ளியை நிறுத்திவிட்டுப் பழத்தோட்டத்துக்குக் கூட்டிப்போவேன் என்றும் சொன்னார். அது சும்மா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். புயலில் விழுந்த கைபேசிக் கோபுரத்தை இன்னும் நிமிர்த்தவில்லை, உன் கைபேசி செத்துக் கிடக்கிறது. போன் கடைக்கு அடித்தால் அத்தை ஒலிபெருக்கியில், எலாதியோ, கலிபோர்னியாவிலிருந்து உன் தங்கை, ஓடி வா என்று மலைக்கே கேட்கக் கூப்பிடுவாள். நீ ஓடி வந்து சேர்வதற்குள் பாதி ஊர் கடை வாசலில் நிற்கும். நான் பேசியது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அப்பா காதுக்கு வந்துவிடும். அதனால் இங்கிருந்து ஊருக்குச் சாமான் கொண்டுபோகும் லீனோவின் வேன்தான் வழி. விடியும்போது வந்து பையை எடுத்துக்கொள்வான். அடுத்த முறை அவன் கிளம்பும்போது பதினைந்தாம் தேதி தாண்டிப் போயிருக்கும்.

நீ கிளம்பி வந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. சபை நம் பெயரை அடித்துவிடும். வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவார்கள், வீட்டையே எடுத்துக்கொண்டாலும் கேட்க முடியாது. நான் பார்த்தே இராத அந்த வீடு, அம்மா இங்கே பழம் பறித்து ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடு. உனக்கு இருக்கும் குடியுரிமைக் காகிதம் அப்பாவிடம் இல்லை, அவர் எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது, ஆனால் செத்த பிறகாவது போய் அந்த மண்ணில் படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் இல்லாமல் போகும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை.  ஆனால் உன்னுடைய மின்சுற்று வகுப்பு நினைவிருக்கிறதா? ஆள் சேரவில்லை, ரத்து செய்யப்போகிறோம் என்று கல்லூரியில் சொன்னதும் நீ பெத்தோவைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பெயர் கொடுக்க வைத்தாய். அவனும் வகுப்பு நிலைக்கிற வரை போய் உட்கார்ந்து, கால் முளைத்த ஸ்ட்ராபெர்ரிகளாக வரைந்து தள்ளினான். ஆள் போய் உட்காராவிட்டால் வகுப்பே இல்லாமல் போய்விடும் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்பா அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? நீ விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போய், குளித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய், நகத்தில் சிவப்போடு வந்து சமையல் மேஜையில் கணக்குப் போட்டதையெல்லாம் பார்த்தவள் நான். இந்த இடம் போனால் நீ மறுபடி விண்ணப்பிப்பேன் என்பாய். சிரித்துக்கொண்டே சொல்வாய். பிறகு இன்னொரு சீசன், இன்னொரு சீசன். எனக்கு உன்னைத் தெரியும் அண்ணா, நீ யாரிடமும் இல்லை என்று சொல்ல மாட்டாய். என்னிடமாவது இந்த ஒரு முறை இல்லை என்று சொல்லிவிடாதே.

ராத்திரியில் சொல்லாமல் ஓடி வராதே. அது அப்பாவைக் கொன்றுவிடும். கூட இருக்கிற பையன்களுக்குப் பம்பை எப்படி ஓட்டுவது, எந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்று காட்டிக் கொடு. சபையில் எழுந்து நின்று, இதோ இவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் படித்துவிட்டு வந்து மிச்சத்தைச் செய்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல். ஒருவேளை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் வா. அதுவரை ஈரக் கையோடு அந்த அறைக்குள் போகாதே. மெயினை அணைக்காமல் எதிலும் கை வைக்காதே, நீ எனக்குச் சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

இந்தக் காகிதம் உள்ளே அடங்குமா என்று பார்க்க இப்போதுதான் இடது ஷூவின் அடியட்டையைத் தூக்கினேன். அடங்கும். கனம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வலது ஷூவையும் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. அட்டையை எடுத்தால் அடியில் அம்மாவின் தலைத்துணி, தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போவாளே, அந்த நீலத்துணியின் கிழிந்த துண்டு. அதற்குள் உன் வண்டிச் சாவி.

அண்ணா, இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கடிதத்தின் கடைசியில் அம்மா ஒன்று சொன்னாள், "ஷூ வந்ததும் ரெண்டு காலையும் போட்டுப் பாக்கச் சொல்லு. யாருக்கும் குடுத்துறக் கூடாது. ரெண்டு காலையும்னு எழுதினியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்பா, "அவன் என்ன ஒத்தக் கால்லயா நடக்கப் போறான்?" என்று சிரித்தார், நானும்தான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எப்போதும் ஆசீர்வாதத்தோடு பணியை நல்லபடியாக முடித்துவிட்டு வா என்பாள். இந்தத் தடவை வெறுமனே வா என்றாள். ஏதோ விட்டுப்போச்சே என்று நான் கேட்டதற்கு, "அவ்ளோதான், அவ்ளோதான் எழுது" என்றாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டது. நான் இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் இவ்வளவு பயந்தேன்.

அம்மாவின் ஆசீர்வாதத்தை அவள் சொன்னபடியே இங்கேயும் எழுதுகிறேன். மாதா உன் முன்னே நடக்கட்டும், மழை உன் பின்னே வரட்டும், வா. இதன் கீழே பெயர் போட மாட்டேன், கையெழுத்து உனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி, மறக்காதே. சாவியை இருந்தபடியே சுற்றி வைத்துவிடுகிறேன், நீ அதை எடுத்து

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சாவி இன்னும் என் கையில்